ஸ்டார்போர்டு என்பது கோயில் பக்கம்

கப்பலில் வேலை பார்த்தவர்களுக்கு என்று எங்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. போன வாரம் அதில், புதிதாகக் கப்பலேறிய ஒரு தம்பி கேட்டிருந்தான்: "அண்ணாச்சிமாரே, ரைட்டு, லெஃப்ட்டுன்னு சொன்னா என்ன கொறஞ்சா போகும்? எதுக்கு ஸ்டார்போர்டு, போர்ட்டுன்னு உயிர வாங்குதாங்க? எங்க கப்பல்ல வீலு இப்ப சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்கு. பாதி நேரம் அதுவே ஓட்டிக்கிடுது."

ஒருவர், "ஒனக்குச் சோத்தாங்கை எதுன்னு தெரியாதுல்லா, அதுக்குத்தான்" என்று போட்டார். நாலைந்து பேர் சிரிப்புப் படம் அனுப்பினார்கள். அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

நான் நான்கு தடவை பதில் எழுதி நான்கு தடவையும் அழித்தேன். எனக்கு அந்தக் கூச்சம் சிறு வயதிலிருந்தே உண்டு. முப்பத்து மூன்று வருஷம் கப்பலில் இருந்தேன். அதில் நான் சத்தமாகப் பேசிய பேச்சு எல்லாம் மற்றவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொன்னதுதான். அதுதான் என் வேலை. அந்தத் தம்பிக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் தென்காசிக்காரன். பத்தாவது முடித்ததும் நான்கு வருஷம், சீசனுக்குச் சீசன், குற்றாலத்தில் ஐந்தருவி போகிற வழியில் உள்ள படகுக் குழாமில் வேலை பார்த்தேன். அங்கே காலால் மிதித்து ஓட்டும் படகுகள் உண்டு. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மிதிக்க வேண்டும். நடுவில் ஒரு இரும்புக் கைப்பிடி இருக்கும். அது பின்னால் தண்ணீருக்குள் கிடக்கும் தகட்டோடு நேராகச் சேர்ந்தது. அதனால் கைப்பிடியை வலது பக்கம் தள்ளினால் படகு இடது பக்கம் திரும்பும். வருகிறவர்கள் யாருக்கும் இது பிடிபடாது. இடது பக்கம் போக வேண்டும் என்று இடது பக்கமே தள்ளுவார்கள். படகு நேராக எதிர்க்கரைப் புதருக்குள் போய் மூக்கை நுழைத்து நிற்கும். பெண்கள் அலறுவார்கள். நான் கரையில் நின்று, "எதிர்ப்பக்கம் தள்ளுங்க, எதிர்ப்பக்கம்" என்று கத்துவேன். சாரல் விழுகிற நாள்களில் ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது கத்தியிருப்பேன். கேட்காதவர்களின் படகில் ஏறி நானே கைப்பிடியைப் பிடித்துக் கரை சேர்ப்பேன். அந்த நான்கு சீசனில் என் கைக்கு ஒரு பாடம் ஏறிவிட்டது. இடது என்று காதில் விழுந்தால் கை வலது பக்கம் போகும்.

பிறகு ஒரு சொந்தக்காரர் வழிகாட்டி, கப்பல் தொழிலாளர் பயிற்சிக்குப் போனேன். ஆறு மாதம். அதன் பின் மூன்று வருஷம் துரு சுரண்டினேன், பெயிண்ட் அடித்தேன், கயிறு பிடித்தேன். அதற்குப் பிறகுதான் வீலில் நிற்க விட்டார்கள். அந்த வேலை பார்க்கிறவனைப் பழைய ஆட்கள் சுக்கானி என்பார்கள்.

சுக்கானியின் வேலை எப்படி என்றால், கப்பலைத் திருப்புவது அவன் இஷ்டம் இல்லை. கேப்டனோ, துறைமுகத்திலிருந்து ஏறிவரும் பைலட்டோ உத்தரவு சொல்வார். "ஸ்டார்போர்டு டென்" என்றால் சுக்கானை, அதாவது கப்பலுக்குப் பின்னால் தண்ணீருக்குள் இருக்கும் தகட்டை, வலது பக்கம் பத்து டிகிரி வைக்க வேண்டும் என்று அர்த்தம். கேட்டவுடன் வீலைத் தொடக் கூடாது. முதலில், "ஸ்டார்போர்டு டென், சார்" என்று உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு திருப்ப வேண்டும். தலைக்கு மேலே ஒரு முள் இருக்கிறது. ஒரு பாதி பச்சை, ஒரு பாதி சிவப்பு. பச்சை ஸ்டார்போர்டு, அதாவது வலது. சிவப்பு போர்ட், அதாவது இடது. சுக்கான் உண்மையில் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை அந்த முள்தான் காட்டும். முள் பத்தில் வந்து நின்றதும், "ஸ்டார்போர்டு டென் ஆன், சார்" என்று சொல்ல வேண்டும். உத்தரவு கொடுத்தவர் அதைக் கேட்டுக்கொண்டதாக ஏதாவது சொல்வார். பலர் தலையை மட்டும் ஆட்டுவார்கள். சிலர் "ம்" என்பார்கள்.

என் முதல் சுக்கானிக் கப்பலின் கேப்டன் ஒவ்வொரு தடவையும் "தேங்க் யூ" என்பார். ஒரு துறைமுகத்துக்குள் நுழையும்போது நூறு உத்தரவு என்றால் நூறு தேங்க் யூ. அவர் கொல்லத்துப் பக்கத்துக்காரர். நம் செங்கோட்டை தாண்டினால் அவர் ஊர் ரயில் பாதைதான். உயரம் குறைவு. ரப்பர் அடி போட்ட செருப்பு போட்டிருப்பார், வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. கையில் எப்போதும் பால் இல்லாத சாயா. கோபத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

ஹால்தியாவிலிருந்து தூத்துக்குடிக்கு நிலக்கரி ஏற்றி வருகிற கப்பல் அது. ஹால்தியாவுக்குப் போக ஹூக்ளி ஆற்றுக்குள் ஏற வேண்டும். ஆறு அகலமாகத்தான் தெரியும். கப்பல் போகக்கூடிய ஆழம் நடுவில் ஒரு வாய்க்கால் அளவுதான். இரண்டு பக்கமும் மணல் திட்டு.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்கூட முடியவில்லை. அன்று காலை ஒன்பது மணி இருக்கும். வெயில் நன்றாக ஏறியிருந்தது. பைலட் முன்னால் கண்ணாடி ஓரம் நின்றார். கேப்டன் அவருக்குப் பின்னால். ஆறு இடது பக்கம் வளைகிற இடம் வந்தது. வலது பக்கம், வாய்க்கால் ஓரமாக, ஒரு மீன்பிடி நாட்டுப் படகு நங்கூரம் போட்டிருந்தது. அதில் இரண்டு பேர். ஒருவன் குந்தியிருந்து அடுப்பு ஊதிக்கொண்டிருந்தான். புகை தெரிந்தது. அந்தப் படகு இருக்கக் கூடாத இடத்தில் இருந்ததால் பைலட்டுக்குக் கோபம். திடீரென்று சத்தமாக, "போர்ட் ட்வென்டி" என்றார்.

"போர்ட் ட்வென்டி, சார்" என்று நானும் சத்தமாகச் சொன்னேன். வீலைத் திருப்பினேன். வலது பக்கம்.

வாய் சரியாகச் சொன்னது. கைதான் அப்படிச் செய்தது. எனக்கு அது தெரியவே இல்லை. முள் பச்சையில் ஏறுவதை நான் பார்க்கும் முன்பே கேப்டன் பார்த்துவிட்டார். அவர் கத்தவில்லை. என் மணிக்கட்டில் அவர் விரல்கள் வந்து உட்கார்ந்தன. "ஹார்ட் எ போர்ட்" என்றார், பக்கத்தில் இருப்பவரிடம் உப்பு கேட்கிற மாதிரி. நான் திருப்பிச் சொல்லிவிட்டு இடது பக்கம் முழுவதுமாகச் சுற்றினேன்.

கப்பல் உடனே கேட்காது. நிலக்கரி ஏற்றாத கப்பலானாலும் அதன் உடம்பு பெரியது. கொஞ்ச நேரம் அது வலது பக்கமே போனது. கண்ணாடி வழியாக அந்தப் படகு எங்கள் முன்பக்கத்துக்குக் கீழே மறைந்தது. மறைந்தது என்றால் அங்கிருந்து தெரியாது, அவ்வளவுதான். எத்தனை நொடி என்று எண்ணிக்கொண்டிருக்க எனக்குத் தைரியம் இல்லை. முள்ளையே பார்த்தேன். பிறகு கேப்டன் வலது பக்கக் கதவுக்கு வெளியே போய்க் கீழே எட்டிப் பார்த்து, திரும்பி வந்து, "கிளியர்" என்றார். படகு எங்கள் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே பின்னால் போனது. அடுப்பு ஊதியவன் கையில் ஊதுகிற மூங்கில் குழலோடு எழுந்து நின்று எங்களை அண்ணாந்து பார்த்தான். திட்டவில்லை. பார்த்தான்.

பைலட் என்னை வீலிலிருந்து எடுக்கச் சொன்னார். வேறு ஆள் வந்தான். எந்தத் திசையில் போகிறோம், சுக்கான் எங்கே இருக்கிறது என்று அவனிடம் சொல்லி ஒப்படைக்க வேண்டும், அது முறை. நான் அதைக்கூடச் சொல்லாமல் இறங்கிப் போனேன்.

கீழே சாப்பாட்டு அறையில் எங்கள் தள ஆட்களுக்குத் தலைவரான போசன் இருந்தார். தூத்துக்குடிக்காரர். எல்லாருக்கும் அண்ணாச்சி.

"ஏலே, வாயி ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு செய்யுதாம்லா?" என்றார். "கல்யாணம் ஆயி எத்தன நாளாச்சு?"

"ஒண்ணரை மாசம் அண்ணாச்சி."

"அதான். கை இங்கன இருக்கு, ஆளு தென்காசில இருக்கான்."

அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்காததைப் பார்த்து அவர் குரலைக் குறைத்தார்.

"சாப்பிடு. கேப்டன் நாலு மணிக்கு ஒன்னய வரச் சொல்லிருக்காரு. பொய் சொல்லாத. அவரு பொய்யத்தான் பொறுக்கமாட்டாரு. ஒம் புத்தகம் அவரு கைல இருக்கு பாத்துக்கோ."

புத்தகம் என்றால், கப்பல் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவுப் புத்தகம் உண்டு. கப்பலை விட்டு இறங்கும்போது கேப்டன் அதில் வேலையும் நடத்தையும் 'வெரி குட்' என்று முத்திரை வைப்பார். இவனைப் பற்றிச் சொல்வதற்கில்லை என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் அவனைத் தொடாது. ஊரில் எனக்கு வேறு தொழில் இல்லை. அப்பா வயலை விட்டுவிட்டிருந்தார். கப்பல்காரன் என்று சொல்லித்தான் பெண் கேட்டிருந்தோம்.

நாலு மணிக்குப் போனேன். கப்பல் அப்போது துறையில் கட்டியிருந்தது. கேப்டன் பிரிட்ஜில், வீல் இருக்கிற மேல்தளத்து அறையில், தனியாக இருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றேன்.

"பேடிக்கண்டா, இரி" என்றார். பயப்படாதே, உட்கார் என்று அர்த்தம். "வீல் பிடிக்கும் முன்னாடி நீ வேற என்ன பிடிச்சிருக்க?"

எனக்கு அந்தக் கேள்வி புரிந்தது. யாரிடமும் சொன்னதில்லை. கப்பல் ஆட்கள் கேட்டால் ஆயுசுக்கும் சிரிப்பார்கள். இருந்தாலும் போசன் சொன்னது நினைவில் இருந்தது.

"குற்றாலத்துல மிதிபடகு சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. குற்றாலம் வந்திருக்கிறாராம், குளிக்க. "அந்த போட்டு எப்படித் திரும்பும்? காணிச்சுத் தா" என்றார். இரண்டு நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். ஒன்றில் என்னை உட்கார வைத்து, இன்னொன்றில் அவர் உட்கார்ந்தார். நடுவில் அவருடைய குடையை மடக்கி நிறுத்தி, "இது ஹேண்டில். நான் டூரிஸ்ட்" என்றார். பெரிய கப்பலின் கேப்டன், கால் இரண்டையும் மிதிக்கிற மாதிரி ஆட்டினார். எனக்குக் கூச்சத்தில் உடம்பு சுருங்கியது.

"லெஃப்ட்" என்றார். என் கை குடையை வலது பக்கம் தள்ளியது.

"ரைட்." இடது பக்கம் தள்ளியது.

மெதுவாகச் சொன்னார், வேகமாகச் சொன்னார், அதட்டிச் சொன்னார். அதட்டும்போது கை இன்னும் வேகமாக எதிர்ப்பக்கம் போனது. அவர் சாயாவை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"உன் கை தப்பு இல்ல" என்றார். "பழசு."

பிறகு சொன்னார். பெரிய கப்பல்களிலேயே ஒரு காலத்தில் உத்தரவு அப்படித்தான் இருந்ததாம். ஸ்டார்போர்டு என்று சொன்னால் சுக்கானின் பிடியை ஸ்டார்போர்டு பக்கம் தள்ள வேண்டும், கப்பல் இடது பக்கம் திரும்பும். வீல் வந்த பிறகும் வெகுகாலம் அந்தப் பழக்கம் விடவில்லை. அப்புறம்தான் எல்லா நாடும் சேர்ந்து, கப்பல் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கத்தையே சொல்வது என்று மாற்றினார்கள். மாற்றிய நாள்களில் பழைய சுக்கானிகள் கையும் உன் கை மாதிரித்தான் குழம்பியிருக்கும் என்றார்.

அந்த வார்த்தைக்கும் அன்றுதான் அர்த்தம் சொன்னார். ஆதியில் கப்பலுக்குப் பின்னால் சுக்கான் கிடையாது. ஒரு பெரிய துடுப்புப் பலகையைக் கப்பலின் பக்கவாட்டில் கட்டியிருப்பார்கள். அதைப் பிடித்துத் திருப்புகிறவர்கள் அதிகம் பேர் வலக்கைக்காரர்கள், அதனால் பலகை வலது பக்கம். வெள்ளைக்காரர்கள் பழைய பேச்சில் அதற்குத் திருப்பும் பலகை என்று பெயர். அதுதான் தேய்ந்து ஸ்டார்போர்டு ஆனது. அந்தப் பலகை கரையில் இடித்தால் உடைந்துவிடும். அதனால் கரையில் கட்டும்போது கப்பலின் இடது பக்கத்தைத்தான் கரையோடு அணைப்பார்கள். துறையை அணைகிற பக்கம் என்பதால் அது போர்ட்.

"நீ எந்தப் பக்கம் திரும்பி நின்னாலும் பலக மாறாது. கர மாறாது" என்றார். "ரைட்டுன்னா உன் கை. ஸ்டார்போர்டுன்னா கப்பலோடது. உன் கையை மறந்துரு."

அவர் சொல்லச் சொல்ல எனக்குத் தேர்தான் ஞாபகம் வந்தது. எங்கள் கோயிலில் மாசித் திருவிழாவுக்குத் தேர் ஓடும். அப்பா தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிற ஆட்களில் ஒருவர். கட்டையை எப்படி வைக்கிறார்களோ அந்தப்படி தேர் திரும்பும், நிற்கும். வடம் இழுக்கிறவர்கள் முன்னால் பார்த்திருப்பார்கள். வடத்தை ஒழுங்கு செய்கிறவர்கள் தேரைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்து வருவார்கள். அப்பா சக்கரத்தடியில் குனிந்து கிடப்பார். இதில் யாருக்கு எது வலது? அதனால் அங்கே யாரும் வலது, இடது என்று சொல்வதில்லை. "கோயில் பக்கம் வாங்கு", "வீட்டுப் பக்கம் விடு" என்றுதான் சத்தம் கேட்கும். தேர் கோயிலை வலம் வருகிறது. நான்கு தெருவிலும் கோயில் எப்போதும் தேரின் வலது பக்கம், வீடுகள் இடது பக்கம்.

இதை எப்படியோ திக்கித் திக்கி அவரிடம் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரு மேலதிகாரியிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்று ஒருநாள்தான். அவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"அப்ப ஸ்டார்போர்டு?" என்றார்.

"கோயில் பக்கம், சார்."

"போர்ட்?"

"வீட்டுப் பக்கம்."

"கரைய அணையற பக்கம்" என்று சொல்லி, அவரே தலையாட்டிக்கொண்டார். பிறகு, "திரும்பி ஆறு இறங்கும்போது நீதான் வீல்" என்றார்.

நிலக்கரி ஏற்ற மூன்று நாள் ஆனது. புறப்படுகிற அன்று போசன், "ஏலே, எங்க எல்லார் உசுரும் ஒங்கோயில் பக்கம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. கப்பலில் எந்த ரகசியமும் தங்காது.

காலை வெளிச்சத்தில் கிளம்பினோம். பைலட் வேறு ஒருவர். நான் வீலைப் பிடித்ததும் கேப்டன் சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்று, எனக்கு மட்டும் கேட்கும்படி, "கோயில் எந்தப் பக்கம்?" என்றார்.

"ஸ்டார்போர்டு, சார்."

"தேங்க் யூ."

அவ்வளவுதான். ஒவ்வொரு உத்தரவுக்கும் எனக்குள் தேர் திரும்பியது. ஸ்டார்போர்டு ஃபைவ் என்றால் கோயில் பக்கம் கொஞ்சம். மிட்ஷிப்ஸ் என்றால் தேர் நேராக. கை ஒரு தடவைகூடத் தவறவில்லை. அந்த வளைவு வந்தபோது அதே நாட்டுப் படகு இருந்தது. எங்கள் கப்பலைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு, அந்த இரண்டு பேரும் நங்கூரக் கயிற்றை அவசரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு கரையோரம் போய்விட்டார்கள். கேப்டன் அதைப் பார்த்துச் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

அந்தக் கப்பலில் இன்னும் ஏழு மாதம் இருந்தேன். ஒவ்வொரு துறைமுகத்திலும் அந்தக் கேள்வி. இறங்குகிற நாள் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன், 'வெரி குட்' இருந்தது. கேப்டன் கையைக் கொடுத்து, "ஒரு நாள் அந்த மிதிபோட்டுல ஏறிப் பாரு. அது தப்பாப் போச்சுன்னா நீ சுக்கானி ஆயிட்டன்னு அர்த்தம். எனக்குச் சொல்லணும்" என்றார்.

நான் ஏறவில்லை. ஒவ்வொரு விடுமுறைக்கும் வருவேன். ஐந்தருவிக்கு மனைவியோடு குளிக்கப் போவேன். குளத்தின் வேலி ஓரம் நின்று படகுகளைப் பார்ப்பேன். ஏறமாட்டேன். அந்தக் கைப்பிடியைத் தொட்டால் பழைய கை திரும்பிவிடுமோ என்று பயம். சோறு போடுகிற கை அல்லவா.

அவரோடு மறுபடி ஒரே ஒரு கப்பலில்தான் போனேன், நான்கு மாதம். அதற்குப் பிறகு எத்தனையோ கேப்டன்கள். நல்லவர்கள்தான். பலர் முள்ளைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். நான் "ஆன், சார்" என்று சொல்லிவிட்டு, அந்தத் தேங்க் யூவுக்காக ஒரு நொடி காத்திருப்பேன். அந்த ஒரு நொடி எனக்குப் பழகிப்போனது.

ஐம்பத்து நாலு வயதில் சர்க்கரை கூடிப்போய், மருத்துவப் பரிசோதனையில் கடலுக்குத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. கடலில் இருந்தபோது சாரலுக்கு ஏங்கினேன். ஜூன் மாதம் ஆனால் ரேடார் திரையில் மழை தெரியும்போதெல்லாம் இது நம் மலை மழை இல்லையே என்று நினைப்பேன். இப்போது சாரலில் நிற்கிறேன். முகத்தில் விழுகிற தூறல் பிரிட்ஜின் கண்ணாடியில் விழுவதாகத் தோன்றுகிறது. தெருவில் யாராவது ஆட்டோக்காரருக்கு "லெஃப்ட்ல போங்க" என்றால் என் உதடு அசைகிறது. உத்தரவு கொடுக்க ஆள் இல்லாத காதாகிப் போனது என் காது. மாசித் தேருக்குப் போய், வீட்டுப் பக்கம் நின்று அந்தச் சத்தங்களைக் கேட்டுவிட்டு வருகிறேன்.

கேப்டன் இறந்துபோன செய்தி போன வருஷம் குழுவில் வந்தது. கை கூப்புகிற படம் ஒன்று நானும் போட்டேன். அதற்குமேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இந்த சீசனில் என் மனைவி பேச்சியம்மாள்தான் ஆரம்பித்தாள். அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள், யார் கையைப் பிடித்து எங்கே கூட்டிப் போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். "இத்தன வருசம் வேலியோரம் நின்னு பாத்தது போதும். ஏறுங்க" என்றாள். ஏறினோம். படகு மாறியிருக்கிறது, பிளாஸ்டிக் அன்னம். கைப்பிடி அதேதான். அவள் மிதித்தாள், நானும் மிதித்தேன். குளத்தின் நடுவரைக்கும் கைப்பிடியைத் தொடவில்லை.

மலையில் மேகம் இறங்கித் தூறல் போட்டது. படகு ஏறுகிற துறை எங்களுக்கு இடது பக்கம் இருந்தது.

"நனஞ்சிருவோம். கரைக்குத் திருப்புங்க" என்றாள்.

"போர்ட் டென், சார்" என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன். பக்கத்துப் படகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கை போர்ட் பக்கம் போனது. நிதானமாக, தயங்காமல் போனது.

படகு வலது பக்கம் திரும்பி நேராகப் புதருக்குள் போய் மூக்கை நுழைத்தது.

கரையில் நின்ற ஆள் கையை ஆட்டிக் கத்தினார். "அண்ணாச்சி, எதிர்ப்பக்கம் தள்ளுங்க, எதிர்ப்பக்கம்."

பேச்சியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கப்பல் ஓட்டுனேன்னு வெளிய சொல்லிராதீங்க. நல்லவேள, அம்புட்டுப் பேரும் உசுரோட இருக்காங்க."

நான் கைப்பிடியை விடவில்லை. அது போர்ட் பக்கமே கிடந்தது. "போர்ட் டென் ஆன், சார்" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல ஒரு நொடி காத்திருந்தேன்.

அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "யாருட்ட சொல்லுதீங்க?" என்றாள்.

தூறல் வலுத்தது. கரையிலிருந்த ஆள் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்.